மூவரி முதுமை

ஒரு கேபிளுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி, 2008 டிசம்பர் வரை பண்ணைக்காட்டுப் பக்கம் யாருக்கும் வந்ததில்லை. அதுவரை அந்த வேலையை லைன்மேன் பழனிச்சாமி பார்த்துவந்தார். மழை விட்டதும் வருவார். கேபிள் தரையை விட்டு மேலே வரும் இடத்தில் குனிந்து மோந்து பார்ப்பார். கருகிய நெடி அடித்தால் பழசு, அடிக்காவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மூக்கு ஒரு முறையும் தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் மூக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதால் ஆணையத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆணையம் என்றால் மலைச்சரக மின்வழங்கு ஆணையம். எங்களுக்கு மின்சாரம் கொடுப்பது அதன் கடமை. கொடுக்க முடியாமல் போனதற்கான காரணத்தைப் பிழையில்லாமல் எழுதிவைப்பது அதன் திறமை. கடமையில் அவ்வப்போது குறை வந்ததுண்டு, திறமையில் வந்ததில்லை.

அந்த டிசம்பரில் சேனாதிபதியின் கேபிள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஊருக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில் அவர் பல்பர் வைத்திருந்தார். காபிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளுகிற இயந்திரம் அது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த பதினெட்டுக் குடும்பங்கள் பறித்த பழத்தை அவரிடம்தான் கொண்டுவந்து கொட்டும். பறித்த அன்றே உரித்தாக வேண்டும், மறுநாள் ஆனால் புளித்து நாறிவிடும். பழமாகவே காயப்போடலாம் என்றால் டிசம்பரில் எங்கள் ஊருக்கு வெயில் வருவது கலெக்டர் வருவது மாதிரி. ஆக, பதினெட்டுக் குடும்பத்தின் ஒரு வருடப் பாடு அந்த மோட்டாரை நம்பியிருந்தது. மோட்டாரோ மண்ணுக்கடியில் கிடந்த அறுபது மீட்டர் கேபிளை நம்பியிருந்தது. மழை பெய்தால் ஃபியூஸ் போகும், மழை விட்டால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி போகும்.

சேனாதிபதியின் தகப்பனார் எழுபதுகளில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியவர். அங்கிருந்து கொண்டுவந்த பெட்டி, பாய், பாத்திரம் எல்லாம் எப்போதோ போய்விட்டன. அதிகாரியைக் கண்டால் ‘தொரை’ என்று கூப்பிடும் வழக்கம் மட்டும் மகனிடம் தங்கிவிட்டது. அவர் மனைவி கண்மணி பெருமாள்மலையில் பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். அவளுக்கு எல்லோரும் சார்தான்.

பழனிச்சாமி வந்து மோந்து பார்த்துவிட்டு, கேபிள் செத்துப்போச்சு, ஆபீஸில் புது ரோல் வந்து கெடக்கு, ஏஇ சாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அரை நாளில் மாற்றிவிடுவேன் என்றார். சேனாதிபதி அன்றைக்கே போய் ஏஇ என்கிற உதவிப் பொறியாளர் ஹரிகிருஷ்ணனைப் பார்த்தார். ஹரிகிருஷ்ணன் நல்ல மனிதர், சிரித்த முகம், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார். கையெழுத்துப் போடுவதைத் தவிர என்ன உதவி கேட்டாலும் செய்வார். அவர் மேஜையில் ஒரு புதுச் சுற்றறிக்கை இருந்தது.

“பழனிச்சாமி மோந்து பாத்துச் சொன்னாருன்னு நான் ஃபைல்ல எழுத முடியுமாங்க? மூக்குங்கிறது தனிப்பட்ட கருத்து. இனிமே ஒரு கேபிளை எடுக்கணும்னா அதுக்கு வயசாயிருச்சுன்னு டெராஹெர்ட்ஸ் படம் எடுத்து நிரூபிக்கணும். நாளைக்கே நல்லா இருந்த கேபிளை அநியாயமா எடுத்துட்டோம்னு யாராச்சும் கேட்டா, அந்தக் கேபிளுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார் ஹரிகிருஷ்ணன்.

டெராஹெர்ட்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் என்றும், அதைப் பாய்ச்சினால் கேபிளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைக்குள் எங்கே நைந்திருக்கிறது என்று படமாக விழும் என்றும் விளக்கினார். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தார். கேபிள் பிறந்த தேதி, இதுவரை கண்ட நோய்கள், அதே குடும்பத்தில் வேறு கேபிளுக்கு இந்த நோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. வயது தெரியாமல்தானே மிஷின் வருகிறது, அதற்கு எதற்கு வயது என்று சேனாதிபதி தயங்கித் தயங்கிக் கேட்டார். மிஷின் சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டாமா என்றார் ஹரிகிருஷ்ணன். சேனாதிபதிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து கண்மணியிடம் சொன்ன பிறகுதான் நியாயமாகப் படவில்லை.

கருவி ஐந்தாம் நாள் வந்தது. ஜீப்பின் முன்சீட்டில் கம்பளி போர்த்தி, பெல்ட் போட்டு அது உட்கார்ந்திருந்தது. ஆணையத்தின் காப்புறை முதுமைக் கண்டறி பிரிவின் தலைவர் குமாரவேல் பின்னால் ஜெனரேட்டரோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்தார். படித்தவர், வெளிநாட்டுக்குப் போய் மூன்று வாரம் பயிற்சி எடுத்தவர், சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு விபூதிக் கடை உண்டு. புதுக் கருவியைச் சாமி கும்பிடாமல் மலையேற்றுவது எப்படி? அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அடுத்தது விபூதி. லாரிக்கு நெற்றி எது என்று குழந்தைக்கும் தெரியும், தையல் மிஷினுக்கும் ஒரு நெற்றி உண்டு. இந்தக் கருவிக்கு நெற்றி எது என்று மட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக, வழவழவென்று இருந்த ஒரு வட்டத்தை நெற்றி என்று முடிவுசெய்து, விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று பட்டை இழுத்து, நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். கதிர் வெளியே போவதும் திரும்பி உள்ளே வருவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான். பக்தியில் குற்றமில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து புதிதாகப் பூசிவிடுவது என்று குமாரவேல் நேர்ந்தும் கொண்டார்.

பண்ணைக்காட்டில் இறங்கியதும் அவர் கூடியிருந்தவர்களுக்குக் கருவியின் பெருமையைச் சொன்னார். துணிக்குள் பார்க்கும், காகிதத்துக்குள் பார்க்கும், பிளாஸ்டிக்குக்குள் பார்க்கும். ஈரத்துக்குள் பார்க்காது, இரும்புக்குள் பார்க்காது, மண்ணுக்குள் பார்க்காது. சேனாதிபதி தன் கேபிளை நினைத்துக்கொண்டார். அது ஈர மண்ணுக்குள், இரும்புக் கம்பிக் கவசத்துக்குள் கிடந்தது.

முதல் மூன்று நாள் மஞ்சு இறங்கி, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. காற்றிலேயே ஈரம் என்பதால் கருவி ஒன்றும் பார்க்கவில்லை. குமாரவேல் பதிவேட்டில் ‘மஞ்சு. ஆய்வு இல்லை’ என்று மூன்று முறை எழுதினார். ஆய்வு முடியும்வரை மஞ்சைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுக்குமாறு ஹரிகிருஷ்ணன் பஞ்சாயத்துக்குக் கடிதம் அனுப்பினார். மஞ்சு காட்டிலிருந்து வருவதால் அது தங்கள் எல்லைக்குள் வராது என்று பஞ்சாயத்து அன்றைக்கே பதில் போட்டது. எங்கள் ஊரில் அவ்வளவு வெரசாகப் பதில் வந்த கடிதம் வேறு இல்லை.

கொட்டகையில் பழம் குவிந்தது. கரண்டு வருகிற ஒரு மணி நேரத்தில் உரித்தது போக, மீதிக்கு மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றினார்கள். சேனாதிபதிக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. ஜீப்பில் ஜெனரேட்டர் சும்மாதானே நிற்கிறது, மஞ்சு விலகும்வரை அதில் மோட்டாரை ஓட்டிக்கொள்ளலாமா என்று கண்மணி கேட்டாள். குமாரவேல் வருத்தத்தோடு மறுத்தார். மின்சாரம் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்காக ஒதுக்கப்பட்ட ஜெனரேட்டர் அது, மின்சாரம் கொடுப்பதற்காக ஒதுக்கப்பட்டது அல்ல என்றார்.

நான்காம் நாள் தார்ப்பாயில் கூடாரம் போட்டு, உள்ளே கரி அடுப்பு வைத்துக் காற்றைக் காயவைத்தார்கள். கேபிள் மண்ணுக்குள் இருக்கக் கூடாது என்பதால் அறுபது மீட்டரும் தோண்டச் சொன்னார்கள். தோண்டுவது பயனீட்டாளர் பொறுப்பு என்று சுற்றறிக்கையிலேயே இருந்தது. இரும்புக் கவசமும் கூடாது என்பதால் லைனைத் துண்டித்துவிட்டு, பத்து இடத்தில் கவசத்தை அறுத்து விலக்கினார்கள். அதுவரை நோயாளியாக இருந்த கேபிள் அதோடு முடிந்தது. ஒரு மணி நேரம் வந்துகொண்டிருந்த கரண்டும் நின்றது. பழனிச்சாமி குழியோரம் குத்தவைத்து, நல்லா இருக்கான்னு பாக்குறதுக்கு ஆளைக் கொன்னு பாக்குறது இப்பத்தான் பாக்குறேன் என்று யாருக்கும் கேட்காத மாதிரி சொல்லிக்கொண்டார்.

படம் விழுந்தது. கூடாரத்துக்குள் இருந்த சின்னத் திரையில் மூன்று கறுப்புக் கோடுகள் படுக்கைவசத்தில் ஓடின. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அடுத்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், அதே மூன்று கோடு, அதே பொட்டு. பத்து இடத்திலும் ஒரு மயிரிழை மாறாமல் அப்படியே விழுந்தது. குமாரவேல் திரைக்கு ஒரு கும்பிடு போட்டார். உலகத்தில் இதுவரை யாரும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். அதை நம்பலாம். உலகத்தில் வேறு யாரும் அந்தக் கருவிக்குப் பட்டை போட்டிருக்கவில்லை. அன்று மாலையே அந்த நோய்க்கு ‘மூவரி முதுமை’ என்று பெயர் வைத்து, நடுவில் உள்ள பொட்டுக்கு ‘முற்றிய நிலை’ என்று அர்த்தம் எழுதி, தலைமையகத்துக்கு அறிக்கை போனது.

சேனாதிபதிக்குச் சந்தோஷம். பழசு என்று நிரூபித்தாகிவிட்டது, இனிப் புதுசு போட வேண்டியதுதானே? போடுவதற்கு முன் புதுசு புதுசுதானா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ரோலிலிருந்து ஒரு முழம் வெட்டிக்கொண்டுவந்து கருவியின் முன் வைத்தார்கள். மூன்று கோடு, ஒரு பொட்டு. பிறந்து நாலு மாதம் ஆகாத கேபிளுக்கும் முற்றிய நிலை. பெருமாள்மலையிலிருந்து வேறு ரோல் வந்தது, அதற்கும் அதே. வயதான கேபிளைப் பதிப்பது விதிப்படி குற்றம் என்பதால் சரகம் முழுக்க எல்லா ரோலுக்கும் சீல் வைத்தார்கள்.

தலைமையகம் பூரித்துப்போனது. இன்னும் நாலு கருவி வாங்க அனுமதி கொடுத்ததோடு, கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு வைத்தது. மூவரி முதுமையின் முதல் கேபிளுக்கு உரியவர் என்று சேனாதிபதியை ஜீப் அனுப்பி அழைத்துப்போய் மேடையில் உட்காரவைத்தார்கள். பேசிய பெரிய அதிகாரி, இத்தனை காலம் மின்தடைக்கு நாம் மழையையும் மரத்தையும் குரங்கையும் குறைசொல்லிவந்தோம், இனி அந்த அவசியம் இல்லை, நம்மிடம் உள்ள அத்தனை கேபிளும் கெட்டவை என்று அறிவியல்பூர்வமாக நிரூபித்துவிட்டோம் என்று பெருமையோடு அறிவித்தார். பலத்த கைதட்டல். சேனாதிபதிக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “தொரை, கரண்டு…” என்றார். அதற்குமேல் வரவில்லை. இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டாரே என்று அதற்கும் கைதட்டினார்கள்.

பொன்னாடையோடு அவர் கொட்டகைக்குத் திரும்பியபோது சுப்பம்மா அங்கே நின்றிருந்தாள். புருஷன் இல்லாதவள், அரை ஏக்கரில் அவள் ஒருத்தியே பறித்து, ஒருத்தியே சுமந்து வருவாள். முந்தின நாள் இறக்கிய மூன்று கூடைப் பழமும் நுரைத்துப் போயிருந்தது. அவளே தூக்கிக்கொண்டுபோய்க் கேபிளுக்குத் தோண்டிய குழியில் கொட்டினாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று சேனாதிபதிக்குப் புரியவில்லை, ஆனால் தப்பு தன் கொட்டகையில்தான் நடக்கிறது என்று பட்டது.

மறுநாள் வெள்ளனே கண்மணி சேனாதிபதியையும் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். குமாரவேல் ஈரத் தலையோடு கருவிக்கு விபூதி குழைத்துக்கொண்டிருந்தார். ஹரிகிருஷ்ணன் முதல் படத்தைச் சட்டம் போட்டு, மேஜைமேல் நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். கண்மணி படத்தைப் பார்த்தாள், குமாரவேல் நெற்றியைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள். குமாரவேல் கையைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில் முந்தானையால் அந்த வட்டத்தை அழுத்தி ஒரு துடை துடைத்தாள்.

“இப்பப் பாருங்க சார்” என்றாள்.

புதுக் கேபிள் துண்டை வைத்தார்கள். வெள்ளை வெளேரென்று கழுவிவிட்ட மாதிரி வந்தது. பழைய கேபிளை வைத்தார்கள். கோடு இல்லை, பொட்டு இல்லை. பதிலாக, உறைக்குள் ஈரம் புகுந்து, முள்ளுச்செடி வேர்விட்ட மாதிரி உள்ளேயிருந்து வெளியே வரை கிளைகிளையாக அரித்திருந்தது. படிக்காதவருக்கும் அது செத்த கேபிள் என்று தெரியும். கருவி உண்மையிலேயே நல்ல கருவி. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

குமாரவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதப் போனவர், எழுதாமல் நிமிர்ந்தார்.

“மூவரி இல்லை. அப்ப விதிப்படி இது இளமையான கேபிள். மாத்த முடியாதும்மா” என்றார்.

“உள்ள பூரா அரிச்சுக் கெடக்கே சார்.”

“கெடக்கு. நானே பாக்குறேன். ஆனா அதுக்கு அறிக்கையில பேரு இல்லை. மூவரிக்குத்தான் பேரு இருக்கு. பேரு இல்லாத ஒண்ணை நான் எப்படிக் கண்டுபிடிச்சதா எழுதுறது?”

படத்தில் இருந்தது உங்கள் விபூதி என்று எழுதுங்களேன் என்றாள் கண்மணி. குமாரவேல் பதறிப்போனார். நாலு கருவிக்கு ஆர்டர் போயிருக்கிறது, கருத்தரங்கில் கை தட்டியிருக்கிறார்கள், பெரிய அதிகாரி தன் வாயால் அறிவித்திருக்கிறார். இப்போது அது இல்லை என்றால் இத்தனை பேரும் எதற்குக் கை தட்டினார்கள் என்று ஆகும். அறிவியலில் தப்பு வரலாம், அறிக்கையில் வரக் கூடாது என்றார். சேனாதிபதி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, தொரை, பதினெட்டுக் குடும்பம் என்று மட்டும் சொன்னார். ஹரிகிருஷ்ணன் அவருக்கு டீ சொன்னார்.

குமாரவேல் கெட்டவர் அல்ல. அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கண்மணியைப் பார்த்துத் தணிந்த குரலில், “பூசிட்டு ஒரு முடிவு, துடைச்சுட்டு ஒரு முடிவுன்னு நான் செய்ய முடியாதும்மா. நான் கவர்மெண்டு ஆளு. நீங்க பக்தியில செஞ்சா அதை நான் தடுக்க முடியாது” என்றார். ஹரிகிருஷ்ணனும் அவரும் எழுந்து, கூடாரத்தின் வாசலுக்குப் போய், மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். மஞ்சில் மலை தெரியவில்லை. இருந்தாலும் ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள்.

கண்மணி விபூதியைக் குழைத்து மூன்று பட்டை இழுத்து, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தாள். சேனாதிபதி பழைய கேபிளை வைத்தார். குமாரவேல் திரும்பி வந்து பார்த்து, மூவரி முதுமை, முற்றிய நிலை, உடனே அகற்றவும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுபடி வாசலுக்குப் போனார்கள். கண்மணி துடைத்தாள். சேனாதிபதி புதுக் கேபிளை வைத்தார். திரும்பி வந்து, முதுமை இல்லை, பதிக்கலாம் என்று எழுதினார். இரண்டு தாளிலும் ஹரிகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டுச் சீல் அடித்தார். அவர் அவ்வளவு வேகமாகக் கையெழுத்துப் போட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பழனிச்சாமி சொன்னபடி அரை நாள்தான் எடுத்துக்கொண்டார். குழியில் நாறிக் கிடந்த பழத்தை ஒதுக்கிவிட்டு, புதுக் கேபிளைப் போட்டு மூடி, மூன்று மணிக்கு லைன் கொடுத்தார். மோட்டார் உறுமியது. பல்பர் ஒரு பக்கம் சிவப்புத் தோலையும் ஒரு பக்கம் வழுவழுவென்று கொட்டையையும் தள்ளத் தொடங்கியது. சேனாதிபதி அழுதார். அழுதுகொண்டே, முதலில் சுப்பம்மாவின் கூடையைக் கொட்டச் சொன்னார்.

சாயங்காலம் கருவிக்குக் கம்பளி போர்த்தி முன்சீட்டில் ஏற்றினார்கள். அடுத்து அடுக்கம் கிராமத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே ஏழு கேபிள் என்று குமாரவேல் சொன்னார். கண்மணி ஒரு பொட்டலம் விபூதியும் துவைத்துக் காயவைத்த ஒரு துணியும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இரண்டையும் மரியாதையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்து நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா, இங்க எது பழசு எது புதுசுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அங்க எதுக்குப் பூசணும், எதுக்குத் துடைக்கணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கரண்டு இல்லாம உக்காந்திருக்கிறவங்களக் கேளுங்க சார். அவங்களுக்குத் தெரியும்” என்றாள் கண்மணி.

குமாரவேல் தலையாட்டினார். ஐந்து கருவிகளைக் கட்டி ஆளப்போகும் பிரிவுக்கு இப்படி ஒரு வழிமுறை இதுவரை தோன்றாமல் போனது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். குறிப்பேட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டு, மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்.